பதினான்கு பிளாப்பியும் ஸ்டோர் ஐயாசாமியும்

பீளமேட்டு மில்லில் ஸ்டோர் ஐயாசாமியிடம் ஒரு போல்ட்டு வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் பாதி ஆயுசு போய்விடும். சீட்டு வேண்டும். சீட்டில் மேஸ்திரியின் கையெழுத்து வேண்டும். தேய்ந்துபோன பழைய போல்ட்டைக் கொண்டுவந்து கண்ணில் காட்ட வேண்டும். மெஷின் நிற்கிறது, ஷிப்டே நிற்கிறது என்று யார் வந்து குதித்தாலும் சரி, மனுசன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எல்லாஞ் சரிங்க, கையெழுத்தக் காணமுங்களே" என்பார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இருக்காது. சரக்குதான் கிடைக்காது. சீப் இன்ஜினியரையே ஒருமுறை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு போனதை ஸ்டோரே வேடிக்கை பார்த்தது.

திட்டாதவர்கள் மில்லில் கிடையாது. ஆனால் குறை சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது. இருபத்தேழு வருசம். மூவாயிரத்துச் சொச்சம் சாமான். பேரிங், பெல்ட், பாபின், கிரீஸ் டின், எறும்புத் தலை அளவுக்கு இருக்கும் கம்பி வளையங்கள் வரை ஒவ்வொன்றுக்கும் ரேக்கில் ஓர் அட்டை தொங்கும். வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, இருப்பு இவ்வளவு. ஒவ்வொரு மார்ச்சிலும் எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு வருசமாவது ஒரு வாஷர் குறைந்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்படிப்பட்ட ஸ்டோரிலிருந்துதான் பதினான்கு பிளாப்பி காணாமல் போனது. அதோடு ஒரு பெண்ணின் வேலையும் போனது.

அந்தப் பெண் ஜெபராணி. மில்லுக்குத் தொண்ணூற்று நாலில் முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடுவதற்கென்றே வேலைக்கு எடுத்த ஆள். முப்பது வயது இருக்கும். சரவணம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வருவாள். கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி போட்டு, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று போர்டும் மாட்டியிருந்தார்கள். மூணு வருசமாகத் தற்காலிகம். வருகிற ஏப்ரலில் நிரந்தரம் செய்கிறோம் என்று மேனேஜர் பாலகோபால் வாயால் சொல்லியிருந்தார். அதை நம்பி, மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு சேர்த்திருந்தாள்.

கம்ப்யூட்டரோடு ஓர் அட்டை டப்பாவும் வந்தது. கம்பெனிப் பெயர் அச்சடித்த டப்பா, உள்ளே பதினான்கு பிளாப்பி, கம்ப்யூட்டருக்குள் செருகுகிற உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தகடுகள். மெஷினை மாட்ட வந்த டீலர் ஆள் அதைத் தூக்கிக் காட்டி, "மெஷின் என்னைக்காவது படுத்துட்டா எழுப்பறதுக்கு இதுதானுங்க. இது இல்லீன்னா அது வெறும் டப்பாதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். மெஷினோடு வருகிற ஸ்பேனரும் புத்தகமும் எல்லாம் ஸ்டோருக்குப் போவதுதான் அந்த மில்லின் வழக்கம். இதுவும் போனது. ஐயாசாமி ஓர் அட்டை எழுதி மாட்டினார்: "கம்ப்யூட்டருடன் வந்தவை, ஒரு செட்." இரண்டு வருசம் அது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அசைந்தது தொண்ணூற்றாறு ஆயுத பூசைக்கு.

கோயமுத்தூரில் ஆயுத பூசை என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. லேத்துப் பட்டறைச் சுத்தியலிலிருந்து மில் முதலாளியின் கார் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் வைக்காமல் இருக்க முடியுமா? அதற்கும் ஒரு ரோஜாப்பூ மாலை. கம்ப்யூட்டரோடு வந்த சாமானுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று ஐயாசாமிதான் ஆசைப்பட்டார். டப்பாவிலிருந்து பிளாப்பிகளை வெளியே எடுத்து, கேஜ், மைக்ரோமீட்டர், ஸ்பேனர்களோடு ஒரே தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தன் விரலாலேயே சந்தனம் வைத்தார். பூசைக்குக் கொடுப்பதற்குச் சீட்டு ஏது? சாமி கையெழுத்தா போடும்? அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. அன்றைக்கு ஒரு நாள்தான் அந்த ஸ்டோரில் சாமான் கணக்கில்லாமல் வெளியே போகும், சாயங்காலமே கணக்கில்லாமல் உள்ளே வரும்.

பிறகு நாலு மாசம் யாரும் அதை நினைக்கவில்லை. பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமைக் காலை ஜெபராணி மெஷினைப் போட்டாள். கறுப்புத் திரையில் ரெண்டு வரி வெள்ளை எழுத்து வந்து நின்றது. அதற்குமேல் ஓர் அடி நகரவில்லை. டீலர் ஆள் வந்து பார்த்து, மூடியைத் திறந்து, மூடி, உதட்டைப் பிதுக்கினான். "அந்தப் பதினாலு பிளாப்பியையும் எடுத்துட்டு வாங்க. புதுசா ஏத்தினாத்தான் ஆகும்."

ஐயாசாமி ரேக்குக்குப் போனார். அட்டை தொங்கியது. இருப்பு ஒரு செட் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. ரேக்கில் ஒன்றுமில்லை.

மேல் தட்டு, கீழ்த் தட்டு, பக்கத்துத் தட்டு. கிரீஸ் டின்களை நகர்த்திப் பார்த்தார். பெல்ட் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தார். ரெண்டு நாள் ஸ்டோரையே கவிழ்த்துப் போட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். மூணாம் நாள் பாலகோபால் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பூசைக்கு எடுத்துக் குடுத்தேனுங்க. திரும்பி வரலீங்க."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று மனசார நம்பினார். தன் கைக்குத் திரும்பி வந்திருந்தால் அது ரேக்கில் இருக்கும், ரேக்கில் இல்லை, ஆகவே வரவில்லை. இருபத்தேழு வருச மனுசன் வேறெப்படி நினைப்பான்?

பாலகோபால் நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். ஐயாசாமியும் பின்னால் போனார். "டிராயரைத் தொறங்கம்மா" என்றார் மேனேஜர். ஜெபராணி திறந்தாள். உள்ளே அந்த அட்டை டப்பா இருந்தது. கம்பெனிப் பெயர் அச்சடித்த அதே டப்பா. டப்பாவுக்குள் ஒரு சீப்பு, ரெண்டு கிளிப், சர்ச்சில் கொடுத்த குட்டிக் காலண்டர், பாதி தீர்ந்த தலைவலித் தைலம்.

"காலி டப்பாங்க சார். பூசை முடிஞ்சு மேசை மேல கெடந்துச்சுங்க. சும்மா போகுதேன்னு வெச்சுக்கிட்டேனுங்க" என்றாள்.

"டப்பா இங்க இருக்குது. உள்ள இருந்தது எங்க போச்சு?"

"தெரியாதுங்க சார். சத்தியமாத் தெரியாதுங்க."

அந்த இடத்தில் ஐயாசாமி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஸ்டோர் சுத்தம் என்று நிரூபிக்கிற அவசரம். "பூசையன்னைக்கு உங்க பாப்பா இந்த டப்பாவத் தூக்கிட்டுத் திரிஞ்சுதுங்களே அம்மணி. நாங் கண்ணால பார்த்தேன்" என்றார்.

அதுவும் பொய் இல்லை. பூசைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஆறு வயசு ஷைலா பொரியைப் போட்டுக்கொள்ள ஒரு டப்பா கிடைத்த சந்தோசத்தில் அறை அறையாக ஓடிக்கொண்டிருந்தாள். ஜெபராணி ஐயாசாமியை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அப்படியும் இருக்குமோ என்று அவளே யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கேட்டில் அவளுடைய கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஸ்டோர் ஜன்னலிலிருந்து நேரே கேட் தெரியும். டிபன் பாக்ஸ், குடை, பஸ் பாஸ், பிள்ளைக்கு வாங்கிய பென்சில் எல்லாம் வாட்ச்மேன் மேசையில் பரந்து கிடந்தன. ஷிப்ட் விட்டு வருகிற ஜனம் மொத்தமும் நின்று பார்த்துவிட்டுப் போனது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பைக்குள் போட்டாள்.

ஐயாசாமி ஜன்னலிலிருந்து திரும்பிக்கொண்டார். அவருக்கு அதைப் பார்க்கும் திராணி கிடையாது. காரணம் இருக்கிறது.

அவர் காங்கேயம் பக்கம் பிறந்தவர். அப்பனும் ஆத்தாளும் தோட்டத்து வேலைக்குப் போன சனம். தோட்டத்தில் ஒரு கயிறு காணோம், ஓர் அரிவாள் காணோம் என்றால் முதல் தேடல் அவர்கள் குடிசையில்தான். அவருக்கு ஏழு வயசில் ஒரு செப்புக்குடம் காணாமல் போனது. நாலு பேர் வந்து ஆத்தா பாவாத்தாளின் அடுக்குப்பானைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்கள். அந்த வாரத்துக்கு வைத்திருந்த ராகிமாவு மண்ணோடு மண்ணாகப் போனது. மூணாம் நாள் குடம் கிணற்றுக்குள்ளேயே கிடைத்தது. தண்ணீர் சேந்தும்போது கயிறு அறுந்து விழுந்திருக்கிறது. கிடைத்துவிட்டது என்று சொல்ல ஒரு நாதி அந்தக் குடிசைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பாவாத்தாள் சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லி ஆறாமல் கிடந்தது குடத்தைத் தேடியதை அல்ல, இதைத்தான்.

பத்தாவது முடித்து, மில்லுக்கு வந்து, பஞ்சு மூட்டை தூக்கி, ஸ்டோரில் எடுபிடியாகி, கடைசியில் சாவிக்கொத்து இடுப்பில் ஏறியபோது ஐயாசாமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: இனி எங்கேயாவது எதாவது காணாமல் போனால், நம்மிடம் போனது என்று மட்டும் ஒருத்தன் சொல்லக் கூடாது. அந்த ஒரு வீம்பில்தான் இருபத்தேழு வருசம் ஓடியது. அந்த வீம்புதான் இப்போது அந்தப் பெண்ணின் பையைக் கேட்டில் கொட்ட வைத்தது. அவருக்கும் அது உறுத்தாமல் இல்லை. ஆனால் ஆத்தா எடுக்கவில்லை, இந்தப் பெண் தொலைத்திருக்கிறாள், அது வேறு இது வேறு என்று மனசை அடக்கிக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் ஜெபராணியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தற்காலிகம்தானே, ஒரு தாள்கூட எழுத வேண்டியிருக்கவில்லை.

ஆளை அனுப்பிவிட்டால் மெஷின் எழுந்துவிடுமா? டீலர் ஆள், சென்னைக்கு எழுதிப் புது செட் வாங்க ஆறு வாரம் ஆகும் என்று கையை விரித்தான். "இதே மாடல் வேற யார்கிட்டயாவது இருந்தா காப்பி எடுத்துக்கலாமுங்க. வேற மாடல் செட்டைப் போட்டா ஏறாது." கோயமுத்தூர் ஜில்லா மொத்தத்துக்கும் அந்த மாடல் அவன் விற்றது நாலு. ஒன்று இங்கே. ரெண்டு பேர் அதை மாற்றிவிட்டார்கள். மிச்சம் ஒன்று காங்கேயத்தில், ஒரு தேங்காயெண்ணெய் மில்லில்.

"நானே போய்ட்டு வாரேனுங்க" என்றார் ஐயாசாமி. தொலைந்ததை அவரே மீட்டுக் கொண்டுவந்து ரேக்கில் வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். டீலர் கடையிலேயே வாங்கிய பதினைந்து புது பிளாப்பியைப் பையில் வைத்துக்கொண்டு காங்கேயம் பஸ் ஏறினார். பக்கத்து சீட்டில் இருந்தவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இவர் விவரம் சொன்னார். "ஒரு பொண்ணு தொலச்சுப்போட்டாளுங்க" என்றும் சொன்னார்.

எண்ணெய் மில் முதலாளி ராமுலு நல்ல மனுசன். தன் செட்டை எண்ணெய் வாடை படக்கூடாது என்று பால்பவுடர் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பீரோவில் பூட்டி வைத்திருந்தார். ஐயாசாமிக்கு அந்த டின்னைக் கண்டதும் ராமுலுவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் காப்பி எடுப்பது லேசில் முடிகிற காரியமா? மெஷினுக்கு வாய் ஒன்றுதான். பழையதைப் போடு என்று கேட்கும், போட்டால் கரகரவென்று படிக்கும், அதை எடு, புதுசைப் போடு என்று கேட்கும், போட்டால் எழுதும். பாதி எழுதிவிட்டு மறுபடி பழையதைக் கேட்கும். பதினாலுக்கும் இதே கூத்து. ஐயாசாமி பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்று முடிந்ததும் நம்பர் எழுதி ஒட்டினார். மூணாவது பழுதாகி, பதினைந்தாவது உபரி பிளாப்பி கைகொடுத்தது.

"உங்குளுது எப்புடீங்க காணாமப் போச்சு?" என்று ராமுலு இளநீரைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"கம்ப்யூட்டர் பாக்கற பொண்ணுங்க. அவளோட கொழந்தை எடுத்துட்டு வெளையாடிருச்சு போலிருக்குதுங்க."

இப்போது கதையில் குழந்தையும் ஏறிவிட்டது. பஸ்ஸில் ஒருமுறை, இங்கே ஒருமுறை, மறுநாள் டீலர் கடையில் ஒருமுறை. சொல்லச் சொல்ல அது அவருக்கே பார்த்ததுபோல ஆகிவிட்டது.

மெஷின் எழுந்தது. ஏற்றுகிறபோது உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துபோகும் என்று டீலர் ஆள் முன்னாலேயே எச்சரித்திருந்தான். அப்படியே ஆனது. ஜெபராணி மூணு வருசம் அடித்த ஒரு கடிதம்கூட மிஞ்சவில்லை. அவள் நாற்காலியில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தாள். புது செட்டுக்கு ஐயாசாமி புது அட்டை எழுதி மாட்டினார். எல்லோரும் அவரை மெச்சினார்கள். காங்கேயம் வரைக்கும் போய்க் கொண்டுவந்துவிட்டாரே மனுசன் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மார்ச்சில் சரக்கு எண்ணுகிற நாள் வந்தது. ரேக் ரேக்காக எண்ணிக்கொண்டு வந்தவர், வெற்று பிளாப்பி அட்டைக்கு வந்தார். அந்த வருசம் வாங்கியது நாற்பது; முந்தின இருப்பு கிடையாது, ரேக்கில் மிச்சமும் இல்லை. போன சீட்டுகளைக் கூட்டினார். ஐம்பத்து நாலு வந்தது.

தப்பாகக் கூட்டிவிட்டோம் என்று மறுபடி கூட்டினார். ஐம்பத்து நாலு. நாற்பது வாங்கிய இடத்தில் ஐம்பத்து நாலு எப்படிக் கொடுக்க முடியும்? ஸ்டோரில் குறைந்தால் களவு என்பார்கள். கூடினால் என்ன என்பார்கள்? பதினாலு கூடுதல். பதினாலு.

சீட்டுகளைப் புரட்டினார். பூசை முடிந்து, தீபாவளிக்கு முந்தின வாரம், நூல் சோதிக்கிற லேப்பில் இருக்கிற மெஷினுக்கு இருபது பிளாப்பி. கொடுத்தவர் ஐயாசாமி. வாங்கியவர் மெஹராஜ். நேராக லேப்புக்கு நடந்தார். மெஹராஜ் அங்கே நூல் முறுக்குப் பார்க்கிற பெண். "தீவாளிக்கு முன்னால நாங் குடுத்த பிளாப்பி இருக்குதுங்களா? கொஞ்சம் காட்டுங்க" என்றார். அவள் ஒரு டப்பாவை நகர்த்தி வைத்தாள்.

ஐந்தாவதோ ஆறாவதோ எடுத்ததில், தகட்டு மூடியின் இடுக்கில் மஞ்சளாகக் காய்ந்துபோய் ஒரு துளி. நகத்தால் சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனார். சந்தனம்.

"இதுல முன்னாலயே ஏதாச்சும் இருந்துச்சுங்களா அம்மணி?"

"ஏதோ இருந்துச்சுங்க. எடமில்ல எடமில்லைன்னு சொல்லிட்டே இருந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு நம்ம நூல் டெஸ்டு ஏத்திக்கிட்டோம். ஏனுங்கய்யா?"

ஐயாசாமி ஸ்டோருக்கு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக. பூசையன்று சாயங்காலம் தாம்பாளம் அவர் கைக்குத்தான் திரும்பி வந்தது. ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தார். சந்தனத்தோடு ஊறிப்போயிருந்த லேபிளும் துணியோடு வந்துவிட்டது. பிறகு இருபத்தேழு வருசமாகச் செய்கிற மாதிரி, இனத்தோடு இனமாகப் பிரித்து வைத்தார். ஸ்பேனர் ஸ்பேனரோடு, கேஜ் கேஜோடு, பிளாப்பி ரேக்கில் இருந்த வெற்று பிளாப்பியோடு. வாயில் சுண்டல், காதில் மைக்செட் பாட்டு. கை தன் பாட்டுக்குச் செய்தது. மனசு அங்கே இல்லவே இல்லை.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி சின்னாத்தாள் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். ஒரு மணி நேரம் கெஞ்சவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"இன்னும் ரெண்டு வருசந்தான் இருக்குது சர்வீஸு" என்றார் அவர். "இப்பப் போய்ச் சொன்னா எல்லாம் போச்சு. அந்தப் பொண்ணுக்குந்தான் என்ன ஆகப் போகுது? அந்த எடத்துக்கு வேற ஆள் வந்துட்டா."

"குடம் கெடச்சுதுன்னு ஆரும் வந்து சொல்லலைன்னு உங்காத்தா சாகற மட்டும் அழுதாங்க" என்றாள் சின்னாத்தாள். "நீங்களும் அதையே என்கிட்ட முப்பது வருசமாச் சொல்லிட்டிருக்கீங்க. எனக்குச் சலிச்சே போச்சு. போய்ச் சொல்லீட்டு வாங்க."

மறுநாள் பாலகோபால் முன்னால் போய் நின்று சொன்னார். மேனேஜர் முழுசாகக் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் வேதனை. "ஐயாசாமி, மெஷின் ஓடுது. புது செட் வந்தாச்சு. இதை ஆரு கேட்டாங்க உங்களை? அந்த அட்டையக் கிழிச்சுப்போட்டு நாற்பதுன்னு புதுசா ஒண்ணு எழுதுங்க."

"அந்தப் பொண்ணு, சார்..."

"போனவங்க போயாச்சுங்க. நாம தப்புப் பண்ணீட்டோம்னு மில்லு எழுதிக் குடுக்குமா?"

ஐயாசாமி ஸ்டோருக்குப் போய் அட்டையைக் கிழிக்கவில்லை. சிவப்பு மையில், "அதிகமாகப் போன பதினான்கும் கம்ப்யூட்டருடன் வந்தவை. தவறுதலாகக் கலந்து கொடுத்தது நான்" என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்டார். எண்ணிக்கை பார்க்க வெளியிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பேச்சு முதலாளி வரை போனது. அடுத்த திங்கட்கிழமை சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, அவரைப் பஞ்சுக் குடோன் வாசலில் லாரி நம்பர் எழுதப் போட்டார்கள். ஜெபராணியைக் கூப்பிடுவது பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. மில் முழுக்க ரெண்டு நாள் இதே பேச்சு. பாதிப்பேர் இவருக்கு வயசாகிவிட்டது என்றார்கள். மீதிப்பேர், ஊருக்கெல்லாம் கையெழுத்துக் கேட்ட ஆளுக்கு நல்லா வேணும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிகிற நேரம் பார்த்துச் சரவணம்பட்டிக்குப் போனார். ஒரே சுவரில் ஆறு வீடு ஒட்டிய வரிசையில் கடைசி வீடு. கதவைத் திறந்த ஜெபராணி இவரைக் கண்டு திகைத்தாள். ஆனாலும் கொங்கு நாட்டுப் பெண் அல்லவா, "வாங்கய்யா, உட்காருங்க" என்று சேரைத் தள்ளிவிட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாளாம். கம்ப்யூட்டர் சென்டர் ரெண்டில் கேட்டுப் பார்த்தாளாம். மில்லுக்குப் போன் போட்டு விசாரித்தபிறகு அவர்கள் கூப்பிடவில்லையாம்.

ஐயாசாமி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். தாம்பாளம், துணி, ரேக், லேப்பு, சந்தனம். ஒன்றையும் மறைக்கவில்லை. "நாந்தானம்மா தொலச்சேன். உங்க மேல பழி போட்டதும் நாந்தான். மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு மூஞ்சி இல்லை. தெரிஞ்சும் சொல்லாமப் போகக் கூடாதுன்னுதான் வந்தேன்."

அவள் அழுவாள், ஏசுவாள் என்று தயாராக வந்திருந்தார். அவள் ரெண்டும் செய்யவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க டப்பாவப் பத்திச் சொன்னீங்கள்ல ஐயா, அன்னைக்கு ஊட்டுக்கு வந்து என்ற புள்ளையக் கேட்டேனுங்க. இல்லைன்னு சொன்னா. நம்பலைங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு மில்லுக்கே தெரியுமே. அடிச்சேனுங்க. கரண்டியச் சூடு பண்ணிக் காட்டினேன். ரெண்டு நாள் இல்லை இல்லைன்னா. மூணாம் நாள் ஒத்துக்கிட்டா. பஸ்ஸுல இருந்து ஒவ்வொண்ணாத் தூக்கிப் போட்டேன்னு சொன்னாளுங்க. எந்த எடம்னு கேட்டேன். கணபதி பாலம்னு எடத்தையும் சொன்னா. நான் அங்க எறங்கிப் போய்ச் சாக்கடையில தேடினேனுங்கய்யா."

"பாப்பா எங்கீங்க?" என்று கேட்டார் ஐயாசாமி.

ஷைலா உள் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைக் கவுன். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. மில் ஸ்டோரில் பார்த்த ஆளை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் ஓரடி முன்னால் வைத்ததும் பிள்ளை சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பதுபோல வேகமாகச் சொன்னாள்: "நாந்தானுங்க எடுத்தேன். பஸ்ஸுல இருந்து போட்டுட்டேன். இனிமே எடுக்க மாட்டேனுங்க."

ஐயாசாமி அவள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "இல்ல கண்ணு. நீ எடுக்கல. தாத்தாதான் தொலச்சுப்போட்டேன்."

ஷைலா அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். எந்தப் பதில் சொன்னால் அடி விழாது என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறாள் என்பது ரெண்டு பேருக்கும் புரிந்தது. அம்மாவிடமே கேட்டாள்.

"அப்ப நான் எடுக்கலையாம்மா?"

ஐயாசாமிதான், இல்லை கண்ணு, நீ எடுக்கவே இல்லை என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை கட்டிய கையைக் கடைசி வரை அவிழ்க்கவில்லை.